எத்திபோன் தடவியும் பால் இறங்கவில்லையே?

கேள்வி: குலசேகரம் பக்கம் ஒரு ஏக்கர் ரப்பர் நிற்கிறது, எல்லாம் RRII 105 ரகம். ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டு. பால் குறைந்ததால் வெட்டுகிற அண்ணன் பால் கூட்டும் மருந்தான எத்திபோனைத் தடவினார். முதல் மூன்று வெட்டுக்குச் சிரட்டை நிரம்பி வழிந்தது. இப்போது முன்னைவிடக் குறைவு. ஐந்து மரத்தில் வெட்டுக்கோட்டில் பாதி காய்ந்து கிடக்கிறது. மருந்தைக் கொஞ்சம் கட்டியாகத் தடவலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஐந்து மரத்திலும் நாளை முதல் கத்தி வைக்காதீர்கள். வெட்டுப்பட்டை காய்ந்து பால் நின்றுபோகிற பட்டமரப்பின் தொடக்கமாக இருக்கலாம்.

எத்திபோன் உரமல்ல. பட்டைக்குள் போனதும் சிதைந்து எத்திலீன் வாயுவாகிறது. மட்டி வாழைக்குலையைப் புகைபோட்டுப் பழுக்க வைக்கிறோமே, அங்கே வேலை செய்வதும் இதே வாயுதான். காயம்பட்டால் மரமே இதைக் கூடுதலாக உண்டாக்கும்.

வாயு வந்ததை உணர, செல்லுக்குள் ஏற்பி என்ற புரதங்கள் இருக்கின்றன. வாயு தொட்டதும் ஏற்பி விழித்து வேலையைத் தொடங்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. வாயு இல்லாதபோதுதான் ஏற்பி மும்முரமாக இருக்கிறது; மதகுப் பலகை மாதிரி சமிக்ஞையை மறித்து நிற்கிறது. அதற்குள் இருக்கும் செம்பு அயனியில் எத்திலீன் ஒட்டியதும் பலகை விலகுகிறது. இப்படிப்பட்ட ஏற்பியின் மரபணுவை 1993-இல் கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றில் கண்டுபிடித்தார்கள். பலகை முழுதாக விலகிய பிறகு மேலும் மருந்து ஊற்றி என்ன பயன்?

சாதாரணமாக வெட்டிய சில மணி நேரத்தில் பாலில் உள்ள நுண்பைகள் உடைந்து, ரப்பர் துகள்கள் திரண்டு, குழாய் வாயை அடைத்துவிடும். எத்திலீன் அந்த அடைப்பைத் தள்ளிப்போடுகிறது. பால்குழாய்க்குத் தண்ணீரும் கூடுதலாக வருகிறது. முதல் மூன்று வெட்டில் வழிந்தது அதுதான். போன பாலை இலையிலிருந்து வரும் சர்க்கரையைக் கொண்டுதான் மரம் திரும்ப உண்டாக்க வேண்டும். ஒருநாள் இடைவெளி அதற்குப் போதாது. பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் கருவியைப் போட்டுப் பாருங்கள், ரப்பர் சதவீதம் இறங்கியிருக்கும்.

வெட்டுக்காயத்துக்கு ஜாஸ்மோனேட் என்ற இன்னொரு ஹார்மோனும் உண்டு. அதன் ஏற்பி வேறு ரகம்: ஹார்மோன் வந்ததும் தடைப்புரதத்தைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடும். பட்டையில் புதிய பால்குழாய்கள் உருவாவதற்குப் பின்னால் இதற்குப் பங்கு உண்டு. ஆனால் அது சாவகாசமான வேலை.

மற்ற மரங்களை மூன்று நாளுக்கு ஒருமுறைக்கு மாற்றுங்கள். 105 அடிக்கடி வெட்டினால் தாங்காத ரகம். எத்திபோன் வேண்டுமென்றே நினைத்தால் வாரம் ஒரு வெட்டுக்குப் போங்கள், 2.5 சதவீதக் கரைசலை மெல்லிசாகத் தடவினால் போதும். இலை உதிர்ந்து தளிர்க்கும் காலத்தில் தொடவே கூடாது. அண்ணனுக்கு நாள்கூலி என்றால் வெட்டு குறைவதால் வருமானம் போகும். அதை முதலிலேயே பேசித் தீர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் இந்த யோசனை தோட்டத்தில் நடக்காது.

காய்ந்த ஐந்து மரத்திலும் வெள்ளைப் பெயிண்டில் கோடு போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் விடியற்காலை இருட்டில் கை பழக்கத்துக்கு வெட்டிவிடும்.