பொட்டாசியம் ஏறவில்லையா? மக்னீசியத்தைப் பாருங்கள்

கேள்வி: அம்மாவுக்குத் தொண்டைப் புற்றுநோய். கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் ஏற்றுகிறார்கள். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, கை நடுங்குகிறது, கால்விரல் மரத்துப்போகிறது. பொட்டாசியம் 2.9. பத்து நாள் சிரப் குடித்தும் 3.0-ஐத் தாண்டவில்லை. ஏன்?
– வாசகி, கரூர்

பதில்: மக்னீசியம் பார்த்தார்களா? வழக்கமான சோடியம், பொட்டாசியம் பரிசோதனையில் அது வராது. தனியாக எழுதித்தர வேண்டும். 1.7-க்குக் கீழே இருந்தால் குறைவு.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தாக்குகிறது. வடிகட்டிய மக்னீசியத்தை ரத்தத்துக்கு மீட்டுத்தரும் வேலை அங்கே தடைப்பட்டு, அது சிறுநீரில் போய்விடுகிறது. மக்னீசியம் குறைந்தால் அதே குழாயில் பொட்டாசியம் வெளியேறும் வாசலும் திறந்தே கிடக்கும். எவ்வளவு சிரப் கொடுத்தாலும் ஒழுகிவிடும். கால்சியமும் சேர்ந்து இறங்கலாம். முதலில் மக்னீசியத்தை ஏற்றினால்தான் மற்ற இரண்டும் நிலைக்கும்.

உடம்பிலுள்ள மக்னீசியத்தில் சுமார் 1 சதவீதம்தான் ரத்தத்தில். மீதி எலும்பிலும் செல்களிலும். அதனால் ஒருமுறை 1.8 வந்ததும் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் பார்க்க வேண்டும். மருந்து முடிந்த பிறகும் இழப்பு மாதக்கணக்கில் தொடரலாம்.

சிஸ்பிளாட்டின் நாளில் சலைனோடு 1 முதல் 2 கிராம் மக்னீசியம் சல்பேட் சேர்ப்பது பல மையங்களில் வழக்கம். அம்மாவுக்குச் சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். அவசரமாக ஏற்றினால் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். மெதுவாக ஏறுவதே நல்லது. மாத்திரையை அதிகம் கொடுத்தால் பேதி ஆகி, இருப்பதும் குறையும். அமிலத்தைக் குறைக்கும் பான்டப்ரசோல் மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், அதுவும் மக்னீசியத்தைக் குறைக்கும்.

கால்விரல் மரத்துப்போவது வேறு விஷயம். சிஸ்பிளாட்டின் நரம்பையே பாதிக்கும்; மக்னீசியம் ஏற்றினாலும் அது சரியாகாது. மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

2.9 என்பது காத்திருக்கும் அளவல்ல. இன்றே மருத்துவரை அழையுங்கள். இ.சி.ஜி.யும் எடுக்கச் சொல்லுங்கள், வாந்திக்குத் தரும் ஆன்டன்செட்ரானும் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது. படபடப்பு, மயக்கம், வலிப்பு வந்தால் நேராக அவசர சிகிச்சைக்கு.

கேள்வி: கீமோ எடுப்பவர்களுக்கு இளநீர் நல்லதுதானே?
– வாசகர், தேனி

பதில்: எல்லோருக்கும் அல்ல. இளநீரில் பொட்டாசியம் நிறைய, மக்னீசியம் கொஞ்சம். சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் சரியாக இருந்தால் குடிக்கலாம், ஏறியிருந்தால் வேண்டாம். ரத்தப் புற்று, லிம்போமா (நிணநீர்ப் புற்று) இவற்றுக்கு மருந்து தொடங்கிய முதல் சில நாட்களில் கண்டிப்பாகக் கூடாது. புற்றுச்செல்கள் கூட்டமாக உடையும்போது அவற்றுள் இருந்த பொட்டாசியமும் பாஸ்பேட்டும் ரத்தத்தில் கொட்டும். பாஸ்பேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, கால்சியம் இறங்கும். அதனால்தான் அந்த நாட்களில் அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள்.