கிராணியின் பேனா ஒழுகுகிறது

கேள்வி: கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்த என் தாத்தாவின் பார்க்கர் 51 பேனா என்னிடம் உள்ளது. இங்கிலாந்தில் செய்யப்பட்டது என்ற குறிப்பும் அவருடைய பெயரும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. பார்க்கர் பிரிட்டிஷ் நிறுவனம்தானே? அதன் வரலாறு என்ன? பேனா இன்று என்ன விலை போகும்? சற்று ஒழுகுகிறது, அது பெரிய விஷயமில்லை.
– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: பெரிய விஷயமில்லையா? பார்க்கர் நிறுவனம் பிறந்ததே ஒழுகலால்தான், ஐயா. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஜேன்ஸ்வில் என்னும் ஊரில் தந்தித் தொழில் கற்பித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் சாஃபோர்ட் பார்க்கர், கூடுதல் வருமானத்துக்காக ஜான் ஹாலண்ட் நிறுவனத்தின் பேனாக்களைத் தம் மாணவர்களுக்கே விற்றார். அவை ஒழுகின. பழுதுபார்க்கும் வேலையும் விற்றவர் தலையிலேயே விழுந்தது. பிறர் செய்த பேனாக்களைப் பிரித்து மாட்டிச் சலித்துப்போன அவர், 1888இல் தாமே ஒரு நிறுவனம் தொடங்கி, மறு ஆண்டு தம் முதல் காப்புரிமையையும் பெற்றார்.

இந்த இடத்தில் தெலுக் இந்தானில் இருந்து எனக்கு விடாமல் கடிதம் எழுதும் ஓர் அன்பர் குறுக்கிடுவார். வாட்டர்மேன் என்ற காப்புறுதி முகவர், ஒப்பந்தத்தாளில் மை கொட்டியதால் வாடிக்கையாளரை இழந்து, அந்த ஆத்திரத்தில் ஊற்றுப்பேனாவைக் கண்டுபிடித்தார் என்பது அவருடைய வேதவாக்கு. வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை பெற்றது உண்மை. மை கொட்டிய கதைக்குத்தான் ஆதாரம் இல்லை. ருமேனியரான பெட்ராக்கே பொயனாரு 1827இலேயே பிரான்சில் ஊற்றுப்பேனாவுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார் என்பதையும் அன்பர் ஏற்பதாக இல்லை. மேலும், மை கொட்டியதற்காக வாடிக்கையாளரைக் கைநழுவ விட்ட காப்புறுதி முகவரை இந்த நாட்டில் நான் கண்டதில்லை. நம் முகவராக இருந்தால் தாளைத் துடைத்து, தே தாரிக் வரவழைத்து, வாடிக்கையாளரின் மூன்று பிள்ளைகள் பெயரிலும் புதிதாகப் படிவம் நிரப்பிக்கொண்டுதான் எழுந்திருப்பார். பேனாவின் வரலாற்றில் காப்புறுதிக்காரர் ஒருவர் வேண்டும் என்று அன்பர் அடம்பிடித்தால், பார்க்கரின் தொழிலில் 1,000 டாலர் போட்டுப் பாதிப் பங்கை வாங்கிய டபிள்யூ. எஃப். பால்மரை அவருக்குப் பரிசாகத் தருகிறேன். அவர் அசல் காப்புறுதிக்காரர். மை கொட்டாமலேயே வந்து சேர்ந்தவர்.

பேனா ஏன் ஒழுகுகிறது? சட்டைப் பையில் உடல் சூடு பட்டதும் உள்ளிருக்கும் காற்று விரிந்து, முள்ளுக்கு அடியில் தேங்கி நிற்கும் மையை வெளியே தள்ளுகிறது. நம் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மை குறையக் குறையக் காற்றுக்கு இடம் கூடுவதால் தொல்லையும் கூடும். 1894இல் பார்க்கர் கொண்டுவந்த 'லக்கி கர்வ்' அமைப்பில், மை வரும் தண்டின் வால் வளைந்து உட்சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். பேனாவை நிமிர்த்தி வைத்ததும் தேங்கிய மை அந்த வளைவின் வழியே உள்ளே திரும்பிவிடும். 1921இல் வந்த டுயோஃபோல்டு என்ற பேனா 7 டாலருக்கு விற்றுப் பெரும் புகழ் பெற்றது, ஆனாலும் என் கணக்கில் நிறுவனத்தை நிறுவனமாக்கியது அந்த வளைந்த வால்தான்.

உங்களுடைய 51 பொதுச்சந்தைக்கு வந்தது 1941இல். தாளில் பட்டதும் உலரும் மை ஒன்றை நிறுவனம் உருவாக்கியிருந்தது. அது முள்ளிலேயே உலர்ந்துவிடக் கூடாது என்பதற்காக முள்ளை மூடினார்கள். அந்த மை அக்காலப் பேனாக்களின் செல்லுலாய்டை அரித்ததால் உடலை லூசைட் என்னும் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். முள்ளைச் சூழ்ந்து நுண்ணிய தகடுகளை அடுக்கி, மிஞ்சும் மை வெளியேறாமல் அங்கேயே தங்கச் செய்தார்கள். 1948இல் வந்த 'ஏரோமெட்ரிக்' வகையில், விமானத்தில் பறக்கும்போதும் ஒழுகாதபடி உள்ளே மெல்லிய காற்றுக்குழாய் ஒன்றையும் சேர்த்தார்கள். இத்தனைக்கும் பிறகு உங்கள் பேனா ஒழுகுகிறது என்றால், பழுது வடிவமைப்பில் இல்லை, பராமரிப்பில்தான் இருக்க வேண்டும். குளிர்ந்த நீரில் ஓரிரவு ஊறவைத்து, நீர் தெளியும்வரை அலசுங்கள். வெந்நீர் வேண்டாம். அதற்கும் அடங்காவிட்டால் பழைய பேனா அறிந்தவரிடம் கொடுங்கள்.

பிரிட்டிஷ் நிறுவனமா என்றீர்கள். உங்கள் பேனா இங்கிலாந்தின் நியூஹேவன் ஆலையில் பிறந்தது, தாய் நிறுவனமோ அமெரிக்காவினுடையது. 1986இல் பேனாத் தொழில் பிரிட்டனில் இருந்த நிர்வாகிகள் கைக்கு மாறியதால், சில ஆண்டுகள் உங்கள் கூற்று உண்மையாகவும் இருந்தது. 1993இல் ஜில்லெட்டும் 2000இல் நியூவெல்லும் வாங்க, மீண்டும் அமெரிக்காவுக்குப் போயிற்று. 2009இல் நியூஹேவன், ஜேன்ஸ்வில் இரண்டையும் மூடும் அறிவிப்புகள் அடுத்தடுத்து வெளிவந்தன.

விலையா? கோடிக்கு மேல் விற்ற பேனா அது, அரும்பொருள் அன்று. பொறித்திருக்கும் தாத்தாவின் பெயரைக் காட்டி, வாங்க வருபவர் இன்னும் குறைத்துத்தான் கேட்பார்.