கடன் வாங்கும் முன் அந்தத் தாள்களைப் பாருங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கும் மகன், இரவெல்லாம் புரியாத எழுத்துகளை அச்செடுத்து நீல மையில் கோடு போடுகிறான். அவன் பெரியப்பாவோ வீட்டை அடமானம் வைத்தாவது அமெரிக்காவுக்கு டேட்டா சயின்ஸ் படிக்க அனுப்பச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறுதல் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அடமானம் என்ற சொல்லைப் படித்த பிறகு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள். மகனுக்கு ஆசையில்லாத படிப்புக்கு இருக்கிற ஒரே கூரையைப் பணயம் வைக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நீங்கள் அனுப்பிய தாள்களைப் பார்த்தேன். அவை ஜிசிசி என்ற கம்பைலரின் வெளியீடு; மனிதர் எழுதும் நிரலைக் கணினிக்கான கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்தான் கம்பைலர். பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகக் கோப்பு, நினைவகத்தின் எந்த முகவரியில் ஏற்றப்பட்டாலும் ஓட வேண்டும். இதற்காக 32 பிட் இன்டெல் கணினிகளில், எது எங்கே இருக்கிறது என்று குறிக்கும் முகவரி அட்டவணையைச் சுட்டுவதற்கென்றே இபிஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரை (செயலிக்குள் ஒரு மதிப்பை ஏந்தும் சிறு இடம்) ஜிசிசி ஒதுக்கி வைத்திருந்தது. இருப்பதே 8 ரெஜிஸ்டர்கள். ஸ்டாக்குக்கு (நிரலின் தற்காலிக மதிப்புகளை அடுக்கும் நினைவகப் பகுதி) ஒன்று போனால் 7, இதுவும் போனால் 6. ஆறு பாத்திரங்களில் கல்யாணச் சமையல் செய்கிற கதைதான். இடமில்லாத மதிப்புகளை நினைவகத்தில் போட்டுவைத்து, வேண்டும்போதெல்லாம் போய் எடுத்துவர வேண்டும், வேகம் குறையும். 2015இல் வந்த ஜிசிசி 5 இந்த நிரந்தர ஒதுக்கீட்டை நீக்கியது. அட்டவணை தேவைப்படாத இடத்தில் இபிஎக்ஸ் வேறு மதிப்பை ஏந்தலாம் என்றானது. உங்கள் மகன் இரண்டு பதிப்புகளின் வெளியீட்டையும் அருகருகே வைத்து, திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சுழலுக்குள் நினைவகப் பயணம் எத்தனை முறை குறைந்தது என்று எண்ணியிருக்கிறான். யாரும் கேட்காமலே!

இன்றைய 64 பிட் கணினிகளில் 16 ரெஜிஸ்டர்கள் உண்டு; ஓடுகிற கட்டளையின் இடத்தைக் கொண்டே முகவரியைக் கணக்கிடவும் முடியும். பழைய சிக்கலைப் படித்து என்ன லாபம் என்று பெரியப்பா கேட்பார். எந்த மதிப்பை எந்த ரெஜிஸ்டரில் வைப்பது என்ற கேள்வி புதிய சிப் வரும்போதெல்லாம் திரும்ப எழுகிறது. 1981இல் ஐபிஎம்மில் கிரிகோரி சாய்ட்டினும் சகாக்களும் அதை, ஒரே நேரத்தில் தேவைப்படும் மதிப்புகளுக்கு வெவ்வேறு நிறம் தருகிற வண்ணமிடும் கணக்காக மாற்றினார்கள். இன்றும் ஆய்வு ஓயவில்லை. பெரியப்பா மெச்சுகிற செயற்கை நுண்ணறிவுக்கான சிப்களுக்கும் கம்பைலர் எழுத ஆள் வேண்டும்.

கம்பைலர் வேலையைக் கற்கச் செலவு மிகக் குறைவு. ஜிசிசி, கம்பைலர் கட்ட உதவும் எல்எல்விஎம் இரண்டின் மூல நிரலும் இலவசம். சிறு பிழையைத் திருத்தி அனுப்பினால் அனுபவசாலிகள் வரி வரியாகப் படித்துக் குறை சொல்வார்கள். அந்தப் பயிற்சியைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. மேற்படிப்பு வேண்டுமென்றால் கேட் நுழைவுத் தேர்வை எழுதட்டும், ஐஐடியில் எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும் சிப் நிறுவனங்களின் கம்பைலர் குழுக்கள் இருக்கின்றன. இடங்கள் குறைவு, தேர்வு கடினம். அதை மறைக்க மாட்டேன்.

பெரியப்பாவிடம் நானே பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மகனை அழைத்து வாருங்கள், தாள்களோடு. மூன்றாம் பக்கத்தில் அவன் வட்டமிட்டிருக்கும் வரியைப் பற்றிக் கேட்க வேண்டும்.