வேலை போன பிள்ளையின் கைக்கு வந்த பணம்: வரி உண்டா?

வணக்கம் ஐயா. "வேலையே இல்லாதவனிடம் எதற்கு வரி பிடித்தார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு வருடம் உழைத்த பொறியாளர் மகனை மூன்று மாதச் சம்பளத்தோடு அனுப்பிவிட்டார்கள், அதிலும் ஒரு பகுதியைக் கழித்துவிட்டார்கள் என்றால் பெற்றவருக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

அமெரிக்காவில் வேலை இழந்தவர்களுக்கு வாராவாரம் அரசு உதவித்தொகை வருகிறது. அதற்கும் 1987 முதல் முழுமையாக மத்திய வருமான வரி உண்டு. நம் ஊரில் பொறியியல் படித்தவர்களுக்கு அப்படி ஒரு தொகையே கிடையாது. தமிழக அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய்தான், தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு அதுவும் இல்லை. ஆகவே உங்கள் மகனுக்குக் கிடைத்தது கம்பெனி தந்த பணம். வருமான வரிச் சட்டம் அதைச் சம்பளமாகவே பார்க்கிறது.

பிடித்த வரி திரும்பி வரக்கூடும். புதிய வரி முறையில், சம்பளக்காரருக்கான 75,000 ரூபாய் கழிவையும் சேர்த்து, வருடத்துக்கு 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குபவருக்கு வரி வராது. ஏப்ரல் முதல் வாங்கிய சம்பளம், இந்த மூன்று மாதத் தொகை, இனி கிடைக்கும் வேலையின் சம்பளம் எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டாவிட்டால், ரிட்டர்ன் தாக்கல் செய்து முழுவதையும் திரும்பப் பெறலாம். கொடுத்த சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் சான்றிதழை (ஃபார்ம் 16) பழைய கம்பெனியிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். புதிய கம்பெனியில் சேரும்போது பழைய சம்பள விவரத்தை மறைக்காமல் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு கம்பெனியும் தனித்தனியாகக் கழிவு கொடுத்துவிடும், கடைசியில் மொத்தமாக வரி கட்ட வேண்டி வரும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது? ஆட்குறைப்பு செய்யும் பல இடங்களில் "நீங்களே ராஜினாமா செய்துவிடுங்கள், ரெக்கார்டு நல்லா இருக்கும்" என்று சொல்வார்கள். பிள்ளைகளும் பயந்து எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இது பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பணத்தில் இடிக்கும். அதை ஐந்து வருட சர்வீஸ் முடியுமுன் எடுத்தால், கம்பெனி போட்ட பங்குக்கும் வட்டிக்கும் வரி உண்டு. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் கொடுக்கும்போதே 10 சதவீதம் பிடிப்பார்கள், பான் இணைக்காவிட்டால் 20. ஆனால் ஊழியரின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் வேலை போயிருந்தால் இந்த வரி இல்லை. ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தவர் அதை எப்படி நிரூபிப்பார்? தொழிலாளர் சட்டத்தின்படி 'தொழிலாளி' என்று ஏற்கப்படுபவருக்கு ஆட்குறைப்பு இழப்பீட்டில் 5 லட்சம் வரை விலக்கு உண்டு. அதற்கும் ஆட்குறைப்பு என்பது காகிதத்தில் இருக்க வேண்டும். இன்னும் கையெழுத்து ஆகவில்லை என்றால், காரணத்தை எழுத்தில் தரும்படி எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள். ஆகிவிட்டது என்றால், அப்போது வந்த மின்னஞ்சல்களை நீக்காமல் வைத்திருக்கட்டும்.

வீட்டுக் கடன் தவணை கழுத்தை நெரித்தால் ஒழிய பிஎஃப்பைத் தொட வேண்டாம் ஐயா. புதிய வேலை கிடைத்ததும் அதே யுஏஎன்-இல் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) கணக்கை மாற்றிக்கொண்டால் இந்த நான்கு வருடமும் அடுத்த சர்வீஸோடு சேரும், இன்னும் ஒரு வருடத்தில் வரித் தொல்லையே இருக்காது. எடுக்காமல் விட்ட விடுப்புக்கும் பணம் வந்திருக்கிறதா என்று செட்டில்மென்ட் தாளில் பாருங்கள். வேலையை விட்டு விலகும்போது தரும் அந்தத் தொகைக்கு, சட்டம் சொல்லும் கணக்குப்படி, 25 லட்சம் என்ற உச்சவரம்புக்குள் விலக்கு உண்டு. அதற்கும் வரி பிடித்திருந்தால் ரிட்டர்னில் கேட்டு வாங்கலாம்.

இன்டர்வியூவில் இதை மறைக்கத் தேவையில்லை. "எங்கள் பிராஜெக்ட் மூடப்பட்டது, குழுவோடு என்னையும் அனுப்பினார்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, செய்த வேலையைப் பற்றிப் பேசட்டும். செட்டில்மென்ட் தாளையும் ரிலீவிங் லெட்டரையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.