கண்ணாடி ஒரு கணக்கு, துரத்தல் வேறு கணக்கு

கேள்வி: மனைவி, மகளுடன் எண்ணூர் விரைவுச்சாலையில் காரில் சென்றபோது, இடப்பக்கமாக நுழைந்த பைக் இளைஞர் ஒருவர் என் பக்கக் கண்ணாடியை உடைத்தார். ஹாரன் அடித்ததற்கு பானெட்டில் ஓங்கித் தட்டிவிட்டுப் பறந்தார். விரட்டிப்போய்க் குறுக்கே காரை நிறுத்தி மறித்தேன்; சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போய்விட்டது. தப்பு அவர்மேல்தானே? மனைவி ஒப்புக்கொள்ளவில்லை.
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கண்ணாடி உடைந்ததுவரை உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. முந்துவது வலப்பக்கமாகத்தான் என்பது பொது விதி. அவர் அதை மீறினார், சேதத்துக்கும் அவர்தான் பொறுப்பு. ஆனாலும் அந்தச் சாலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் இடது ஓரத்தை அடைத்து நிற்கும் மாலைகளில், ஓரமாகப் போக வேண்டிய இருசக்கர வாகனத்துக்கு மிஞ்சுவது டிரெய்லருக்கும் காருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிதான். அதில் நுழைந்தது அவர் செய்த தவறு; அந்த முழ இடத்தை மட்டும் மிச்சம் வைத்ததற்கு அவர் பொறுப்பல்ல.

விரட்டியது முழுக்க உங்கள் கணக்கு. ஒருவரைப் போகவிடாமல் மறிப்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆம் பிரிவின்படி ஒரு மாதம்வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பிறர் உயிருக்கு ஆபத்தாகும்படி பொதுச்சாலையில் வண்டி ஓட்டினால் 281-ஆம் பிரிவில் ஆறு மாதம்வரை. 'அவர்தான் ஆரம்பித்தார்' என்பதால் இவை இல்லாமல் போய்விடாது. நீங்கள் குறுக்கே திருப்பியபோது அவர் பிரேக்கை அழுத்திச் சறுக்கியிருந்தால், பக்கத்தில் ஓடும் டிரெய்லரின் பின்சக்கரம்தான் அவரை வாங்கியிருக்கும். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கும் லாரி ஓட்டுநருக்கு இடப்பக்கச் சக்கரத்தடியில் விழுந்தவர் கண்ணில் படவே மாட்டார். இடித்தால் உங்களுக்குத் தகரம் நசுங்கும், அவருக்கு எலும்பு. பெரிய வண்டிக்காரர் கூடுதலாகப் பொறுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பின்னிருக்கையில் இருந்த மகளைப் பற்றி உங்கள் கடிதத்தில் அதற்குமேல் ஒரு வரியும் இல்லை. உங்கள் மனைவி அதைத்தான் கேட்கிறார் என்று நினைக்கிறேன்.

வண்டி எண்ணைக் குறித்திருந்தால், சம்பவம் நடந்த எல்லைக்குரிய காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், மறித்ததையும் மறைக்காமல் எழுதுங்கள், ஏனெனில் அவரும் புகார் கொடுக்கலாம். கண்ணாடிக்குக் காப்பீடு கோருமுன், கோரிக்கை இல்லாத ஆண்டுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி எவ்வளவு என்று பாருங்கள். கண்ணாடியின் விலை அதைவிடக் குறைவாக இருந்தால் கைப்பணத்தில் மாற்றிவிடுவதே லாபம்.