சட்டைப்பைக்குள் அடங்கும் துப்பாக்கி தற்காப்புக்கு உதவுமா?

டெக்சாஸில் பெட்ரோல் நிலையத்தை ஒட்டிய கடையை இரவு பதினொரு மணிக்குப் பூட்டிவிட்டுத் தனியாகக் கார் வரை நடக்க வேண்டியிருப்பதாகவும், கைக்குள் அடங்கும் சிறிய பிஸ்டல் ஒன்றை முதல் துப்பாக்கியாக வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே மாநிலத்தில் வசிப்பவன், எட்டு ஆண்டுகளாக அப்படியொன்றைக் கால்சட்டைப் பையில் வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது உதவும், ஆனால் தயவுசெய்து அதை உங்கள் முதல் துப்பாக்கியாக வாங்காதீர்கள்.

என்னிடம் இருப்பது, .380 என்னும் வகைத் தோட்டாவைச் சுடும், 2008ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த ரூகர் எல்சிபி என்ற பிஸ்டல். தோட்டா இல்லாமல் ஏறக்குறைய 270 கிராம் எடை, 7 செ.மீ. நீளமுள்ள குழல், மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டா அடுக்கில்) 6 தோட்டாக்கள். பையில் இருப்பதே தெரியாது என்பதுதான் இதன் முழுப் பயனும். பெரிய பிஸ்டலை ஆசையாக வாங்கிய நண்பர்கள் சிலர், ஜூலை மாத வெயிலில் மெல்லிய சட்டைக்குள் அது துருத்திக்கொண்டு தெரிகிறது என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஆபத்து வரும் இரவில் வீட்டு அலமாரியில் இருக்கும் துப்பாக்கியால் யாருக்கும் பயனில்லை என்பதால், சிறியதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அதைச் சுட்டுப் பார்த்தால்தான் அதன் விலை என்னவென்று புரியும். பயிற்சிக்கூடத்தில் முதல் நாள் 7 கெஜ தூரத்தில் ஒரு காகிதத் தட்டைத் தொங்கவிட்டுச் சுட்டேன். பிடியில் இரண்டு விரல்களுக்குத்தான் இடம். சுண்டுவிரல் அந்தரத்தில் நின்றது. குறிபார்க்கும் முனை அரிசிமணி அளவுகூட இல்லை. எடை குறைவு என்பதால் உதைப்பு முழுவதையும் கையே வாங்கிக்கொள்ள, 6 தோட்டாக்களில் 2 மட்டுமே தட்டில் பட்டன. நான்காவது முறை, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு முழுதாக வெளியேறாமல், துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகமான ஸ்லைடின் வாயில் செங்குத்தாகச் சிக்கிக்கொண்டது. மணிக்கட்டு தளர்ந்தால் துப்பாக்கியும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போய்விடும், ஸ்லைடு தன் ஓட்டத்தை முடிக்காது என்று பயிற்சியாளர் என் கையைப் பிடித்துக் காட்டினார். அன்று எதிரில் இருந்தது காகிதத் தட்டு. ஒரு மனிதனாக இருந்திருந்தால் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

‘புதியவர்களுக்கும் பெண்களுக்கும் சின்னதே நல்லது’ என்று கடைகளில் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. சிறிய உடலுக்குள் வலுவான சுருள்வில்லை அடைத்திருப்பதாலும், பற்றி இழுக்கப் போதிய இடம் இல்லாததாலும், இத்தகைய பிஸ்டல்களில் பலவற்றின் ஸ்லைடை இழுப்பதே பழகாத கைக்குப் பெரும்பாடு. கற்றுக்கொள்வதற்கு மிகக் கடினமான கருவியைத்தான் அவர்கள் முதலில் கையில் கொடுக்கிறார்கள்.

தோட்டாவையும் சொல்ல வேண்டும். .380 தோட்டாவுக்கும் 9 மி.மீ. லூகர் தோட்டாவுக்கும் குண்டின் குறுக்களவு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் கூட்டின் நீளம் முன்னதில் 17 மி.மீ., பின்னதில் 19 மி.மீ., அழுத்தமும் முன்னதில் குறைவு. 1986இல் மயாமியில் நடந்த மோதலில் இரண்டு அதிகாரிகளை இழந்த பிறகு எஃப்.பி.ஐ. வகுத்த சோதனை, குண்டு, உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டிக்குள் 12 முதல் 18 அங்குலம் வரை செல்ல வேண்டும் என்கிறது. குட்டைக் குழலிலிருந்து கிளம்பும் .380 குழிமுனைக் குண்டு (பட்டதும் விரிவதற்காக முனையில் குழி வைத்தது) பல நேரங்களில் விரிந்தால் ஆழம் போவதில்லை, ஆழம் போனால் விரிவதில்லை. எனவே ஒரே குண்டில் எவரும் நின்றுவிடுவார்கள் என்று கணக்குப் போடாதீர்கள்.

பையில் வைப்பதாக இருந்தால், விசையை முழுவதும் மூடும் உறை கட்டாயம் வேண்டும். அந்தப் பையில் சாவியோ நாணயமோ கூடவே கூடாது. பஞ்சும் தூசியும் சேர்ந்துகொண்டே இருப்பதால் நான் வாரம் ஒருமுறை கழற்றித் துடைக்கிறேன். 2021 செப்டம்பர் முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பிய, சட்டத் தடை இல்லாதவர்கள் உரிமம் இன்றியே கைத்துப்பாக்கியை உடன் வைத்திருக்கலாம். ஆனால் தற்காலிக விசாவில் இருப்போருக்கு, வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, மத்தியச் சட்டம் துப்பாக்கி வைத்திருக்கத் தடை விதிக்கிறது. முதலில் அதைச் சரிபாருங்கள். உங்களுக்கு ஒரு மகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாக வைத்து, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால் இங்கே குற்றம். பையிலிருந்து எடுத்த அடுத்த நிமிடமே அது பூட்டிய பெட்டிக்குள் போக வேண்டும். சிறியது என்பதாலேயே மேசையிலும் கைப்பையிலும் மறந்து வைத்துவிடுவது மிக எளிது.

2018இல் வந்த சிக் பி365 போல, அரை கிலோ எடையும் 10 தோட்டாக்களும் கொண்ட 9 மி.மீ. பிஸ்டல் ஒன்றைப் பயிற்சிக்கூடத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். எல்சிபியையும் அதே நாளில், அதே தூரத்தில் சுட்டு, குறிவைத்துச் சுட்ட இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அதுவரை, கடையைப் பூட்டும் நேரத்தில் உடன் வேலை செய்பவர் ஒருவரை இருக்கச் சொல்லி, காரை வாசல் விளக்கின் கீழே நிறுத்துங்கள்.