டப்பாவில் விழாத சூரியன்

அன்புள்ள ஐயா,

எனக்கு 24 வயது. கும்பகோணம் பக்கத்தில் கிராமம். கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், எந்த ஆர்டர் வந்தாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவேன். மிச்ச நேரம்தான் எனக்கான பரிசோதனைகள். ஊசித்துளை கேமரா செய்கிறேன், தாளில் இலை வைத்து வெயிலில் காட்டி எடுக்கும் சயனோடைப் நீல அச்சு போடுகிறேன். இந்த ஜூனில் பால் பவுடர் டப்பாவில் துளை போட்டு, உள்ளே போட்டோ பேப்பர் வைத்து, மோட்டார் கொட்டகைமேல் தெற்கு பார்த்துக் கட்டினேன். சூரியன் தினமும் போகும் பாதை கோடு கோடாக விழும் என்று ஒரு வீடியோவில் காட்டினார்கள். ஆகஸ்ட் 20 அன்று பிரித்தால் ஒரு கோடுகூட இல்லை. ஆர்டர் வேலை என் கலையைத் தின்கிறது என்று தோன்றுகிறது. சென்னைக்கே போய்விடலாமா? 12 படங்கள் இணைத்திருக்கிறேன். கடைசிப் படம் சம்பா மூழ்கியபோது கலெக்டரிடம் கொடுக்கும் மனுவுக்காக எடுத்தது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

முதலில் டப்பா. துளையில் தப்பில்லை, பேப்பரிலும் தப்பில்லை. கட்டிய திசைதான் தப்பு. அந்த வீடியோ போட்டவர் ஐரோப்பாவில் இருந்திருப்பார். அங்கே வருஷம் முழுக்க உச்சிப்பொழுதுச் சூரியன் தெற்கேதான். கும்பகோணம் இருப்பதோ பூமத்தியரேகைக்கு வடக்கே 11 பாகையில். சித்திரை முதல் வாரத்தில் நம் தலைக்கு நேர்மேலே வருகிற சூரியன் அப்படியே வடக்கே தாண்டிப் போகும். ஆவணி பிறந்து ஒரு வாரம் ஆன பிறகுதான் மறுபடி தலைக்கு மேலே வரும். நடுவில் இருக்கும் நாலு மாதமும் காலை, மதியம், சாயங்காலம் எல்லாமே அது வடக்குப் பக்கம்தான். மாப்பிள்ளை அழைப்பு முன்வாசலில் நடக்கும்போது நீங்கள் கொல்லைப்புறத்தில் கேமராவோடு காத்திருந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எங்கள் பாட்டி ஆனி, ஆடியில் வறட்டியை வீட்டின் வடவண்டைச் சுவரில் தட்டுவாள். மார்கழி, தை என்றால் தென்னண்டைச் சுவர். பாகையும் தெரியாது, திசைகாட்டியும் கிடையாது. எந்தச் சுவரில் காயும் என்று தெரியும். உங்கள் கொட்டகைக்குப் பக்கத்தில் நாற்று விட்டுக்கொண்டிருந்த யாரையாவது கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

அடுத்த ஜூனில் டப்பாவைக் கிழக்கு பார்த்துக் கட்டுங்கள். மேட்டூரை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 அன்று கட்டி, மூடும் ஜனவரி 28 அன்று அவிழ்த்தால் போதும். (எல்லா வருஷமும் அந்தத் தேதியில் திறக்கிறார்களா என்ற வழக்கை இங்கே எடுக்க வேண்டாம்.) அந்த ஏழரை மாதத்தில் சூரியன் உதிக்கும் இடம் வடகிழக்கிலிருந்து தென்கிழக்குக்கு நகரும். அது முழுக்கப் பேப்பரில் விழும். ஐப்பசி அடைமழை நாட்களில் கோடு அறுந்து வெறும் பட்டையாக இருக்கும். எத்தனை நாள் வெயில், எத்தனை நாள் மூட்டம் என்று அந்த வருஷத்துச் சம்பாவின் கதையைக் கோடுகளிலேயே பார்த்துவிடலாம். வாடைக்காற்றில் சாரல் உள்ளே போகும், அதனால் துளைக்கு மேலே ஒரு தகரத்தைச் சரிவாக வையுங்கள். எடுத்த பிறகு பேப்பரை டெவலப் செய்துவிடாதீர்கள். அப்படியே ஒரே தடவை ஸ்கேன் செய்தால் போதும்.

சரி, படங்கள். பதினோரு பரிசோதனைப் படங்களும் சுத்தமாக வந்திருக்கின்றன. ஆனால் நீல அச்சில் ஏன் பெரணி இலை? வீடியோக்காரர் பெரணி வைத்தார் என்பதாலா? உங்கள் வாய்க்கால் நிறைய ஆகாயத்தாமரையும் கரையெல்லாம் கோரையும் கிடக்கும்போது, இந்தப் பெரணிக்காக எந்த நர்சரிக்குப் போனீர்கள் என்று யோசித்துச் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றீர்களே, அந்தப் பன்னிரண்டாவது படத்தைத்தான் நான் நாலு நாளாகப் பார்க்கிறேன். முழங்காலுக்கு மேலே தண்ணீர். தலையில் துண்டு கட்டிய ஒருவர் அழுகிய பயிரைக் கொத்தாகப் பிடுங்கிப் பிடித்திருக்கிறார். வேரிலிருந்து சேறு சொட்டுகிறது. இடது கைக் கட்டைவிரலால் ஒரு தூரைப் பிளந்து, உள்ளே தண்டு கறுத்திருப்பதைக் காட்டுகிறார். பின்னால் வரப்பே தெரியவில்லை, வயல் எங்கே முடிகிறது என்பதற்கு ஒரு கரண்ட் கம்பம்தான் அடையாளம். ‘இந்தப் பக்கம் நின்னு எடு தம்பி, தண்டு தெரியட்டும்’ என்று அவரே சொன்னதாகப் படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்ன இடத்தில் நின்றீர்கள். படம் நின்றுவிட்டது. மற்ற பதினொன்றிலும் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை.

ஆர்டர் என்றால் மட்டம் என்று யார் சொன்னது? 1858-இல் தஞ்சாவூருக்கு வந்த லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசிடம் சம்பளம் வாங்கிய போட்டோகிராபர்தான். கட்டடங்களைப் பதிவு செய்வதுதான் வேலை. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை எடுக்க ஒரு சட்டகம் போதவில்லை. நகர்ந்து நகர்ந்து 21 படம் எடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடிக்கு ஒரே நீளப் படமாக்கினார். அவருடைய காகித நெகட்டிவில் வானம் வெறுமையாக விழும். சில படங்களில் தூரிகையை எடுத்து நெகட்டிவிலேயே மேகம் தீட்டிவிட்டார். இதில் ஆர்டர் எது, பரிசோதனை எது என்று பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம். அப்புறம் வந்த கவர்னர் இது ஆடம்பரச் செலவு என்று சொல்லி அந்த வேலையையே நிறுத்திவிட்டார்.

சென்னைக்குப் போவதானால் போங்கள், கடன் வாங்கிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். அதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். அடுத்த கல்யாண ஆர்டரில், பந்திக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே, மண்டபத்தில் இருக்கும் வயசானவர்களை ஒவ்வொருவராக ஜன்னலோரம் உட்காரவைத்து ஆளுக்கு ஒரு படம் எடுங்கள். பில்லில் சேர்க்காதீர்கள்.

வறட்டி தட்டிய பாட்டிக்கென்று எங்கள் வீட்டில் தனிப் படம் கிடையாது. அவள் போன பிறகு, அத்தை கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டிப் பெரிதாக்கி மாட்டினோம். படத்தில் பாட்டியின் வலது தோளில் யாரோ ஒருவருடைய நாலு விரல்கள் மட்டும் இருக்கின்றன. யாருடைய கை என்று சொல்ல இப்போது வீட்டில் ஆளில்லை.